காப்ரேசே குச்சியில் தண்ணீர் விடாமல் இருக்க

தக்காளி, மொஸரெல்லா சீஸ், பேசில் என்ற மணமூலிகை இலை மூன்றையும் குச்சியில் கோத்து, அடுப்பே பற்றவைக்காமல் செய்யும் இத்தாலிய விருந்துப் பண்டம் இது. 24 குச்சிக்கு 24 செர்ரி தக்காளி, அதே அளவில் 24 மொஸரெல்லா உருண்டை, 24 பேசில் இலை, 2 மேசைக்கரண்டி எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய்.

அரை மணி நேரத்தில் தட்டில் வெள்ளையாகத் தண்ணீர் தேங்குவதுதான் தொல்லை. பாதி தண்ணீர் சீஸில் இருந்து வருவது; அது நீரில் ஊறியபடியே விற்கப்படுகிறது. வடித்து, சமையல் டிஷ்யூ தாளில் பரப்பி, மேலே இன்னொரு தாள் மூடி 30 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்ததும் என் தட்டு காய்ந்தே இருந்தது. எருமைப்பால் மொஸரெல்லா ருசியானதுதான், ஆனால் நீர் அதிகம். குச்சிக்குப் பசும்பால் வகையே சரி.

மீதி, உப்பின் வேலை. நறுக்கிய தக்காளியில் உப்புப் பட்டால் சாறு கக்கும். தக்காளியை முழுசாகவே குத்துங்கள். உப்பு, மிளகு, எண்ணெய் மூன்றும் பரிமாறும்போதுதான்.

பேசில் ஃபிரிட்ஜ் குளிரில் கறுத்துவிடும். காம்பைத் தண்ணீரில் நிறுத்தி வெளியே வையுங்கள். கடைசியில் இலையை மடித்துச் செருகலாம். பேசிலுக்குப் பதில் துளசி வேண்டாம், காரம் தூக்கும். மேலே பால்சாமிக் வினிகர் (திராட்சைச் சாற்றில் செய்யும் கருநிற இத்தாலிய வினிகர்) ஊற்றினால் ஓடிப்போய் சீஸைப் பழுப்பாக்கும். அதையே சுண்டவைத்த கெட்டியான பால்சாமிக் கிளேஸ் ஒரு சொட்டு போதும்.