சுஷி: தவறு பெரும்பாலும் சோற்றில்தான்

சுஷி என்றால் பச்சை மீன் என்று நினைப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. பச்சை மீனை மட்டும் சீவி வைத்தால் அதற்குப் பெயர் சாஷிமி. வினிகர் கலந்த சோறு இருந்தால்தான் அது சுஷி. மேலே வைப்பது வெந்த இறாலாகவோ முட்டையாகவோ இருக்கலாம், உள்ளே சுருட்டுவது வெறும் வெள்ளரிக்காயாகவும் இருக்கலாம். ஜப்பானின் பீவா ஏரிக்கரையில் இன்றும் ஃபுனாசுஷி போடுகிறார்கள். ஏரி மீனை உப்பிட்டு, சோற்றோடு அடுக்கி, மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். சோறு புளித்து மீனைக் கெடாமல் காக்கும். அவ்வளவு நாள் காத்திருக்காமல் அந்தப் புளிப்பை வினிகரால் கொண்டுவந்து, சோற்றைக் கையால் பிடித்து மேலே மீன் வைத்துக் கொடுத்ததுதான் 19ஆம் நூற்றாண்டு எடோ நகரத்துத் தெருக்கடைகளின் நிகிரி. எடோ என்பது இன்றைய டோக்கியோ.

ஆகவே சோற்றில் பிசகினால் எவ்வளவு நல்ல மீனும் காப்பாற்றாது. பொன்னியும் பாஸ்மதியும் இதற்கு ஒத்துவராது. ஆறியதும் உதிரியாகப் பிரிந்துவிடும். குட்டையான ஜப்பானிய அரிசிதான் வேண்டும். 300 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும், காய்ந்த அரிசி தவிட்டு வாடையை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தண்ணீர் ஏறக்குறைய தெளியும்வரை நாலைந்து முறை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். சமைக்க 360 மில்லி தண்ணீர் போதும். வினிகரின் ஈரமும் பின்னால் சேரும் என்பதால், வழக்கமான சோற்றுக்கு வைப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே வைக்க வேண்டும். அடுப்பை அணைத்தபின் 10 நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள்.

அரிசி வினிகர் 4 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. சர்க்கரை கரையும் அளவு சூடாக்கினால் போதும். கொதிக்கவிட்டால் புளிப்பு ஆவியாகப் போய்விடும். இதைச் சோறு ஆவி பறக்கும்போதே ஊற்ற வேண்டும். ஆறிய சோறு வினிகரை உள்ளே இழுக்காது, பருக்கையின் மேல் நசநசவென்று நிற்கும். கிண்டாதீர்கள், கிண்டினால் கூழாகிவிடும். மரக்கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, வெட்டுவதுபோல் கீறிக் கீறிப் புரட்டுங்கள். வினிகர் கலந்த பிறகு விசிறினால் மேல் ஈரம் போய்ப் பருக்கை மினுமினுக்கும். உடம்புச் சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் மூடி வைத்து, அன்றே தீர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து இறுகிச் சோறு விறைத்துவிடும்.

நிகிரிக்கு ஒரு பிடி 15 முதல் 20 கிராம். கொழுக்கட்டை பிடிப்பதுபோல் அழுத்தினால் கட்டியாகிவிடும். எடுக்கும்போது உடையக்கூடாது, வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். வினிகர் கலந்த தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டால் ஒட்டாது. ஆனால் கையில் தண்ணீர் சொட்டினாலும் சோறு குலைந்துவிடும். சுருட்டுகிற மாக்கியில் நோரி எனும் கடற்பாசித் தாளின் பளபளப்பான பக்கம் வெளியே வர வேண்டும். எதிர் ஓரத்தில் 2 சென்டிமீட்டரைச் சோறில்லாமல் விடுங்கள், மூடி ஒட்ட அந்த இடம் வேண்டும்.

மீனில் செய்யும் தவறு ஆபத்தானது. காலையில் பிடித்த மீன், அதனால் பச்சையாகச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடல்மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். வினிகர், உப்பு, சோயா சாஸ், வசாபி என்ற பச்சைக் காரவிழுது எதற்கும் அது சாகாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறைய வைக்க வேண்டும் என்பது ஜப்பானிய சுகாதார அமைச்சின் அறிவுரை. வீட்டு ஃபிரீசர்கள் பல அந்தக் குளிரை எட்டுவதில்லை. உறைய வைத்தாலும் பாக்டீரியா ஒழியாது. எனவே பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே பதப்படுத்தி விற்கும் மீனை மட்டும் வாங்குங்கள். ஆற்று மீன், ஏரி மீன் பச்சையாக வேண்டவே வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்கள் வெள்ளரிக்காய், முட்டை, வெந்த இறாலில் தொடங்குவதே நல்லது.

சாப்பிடும்போது சோற்றுப் பக்கத்தைச் சோயாவில் தோய்க்காதீர்கள். சோறு அதை உறிஞ்சி உப்புக்கரிக்கும், உடைந்து கிண்ணத்தில் விழும். பக்கவாட்டில் சாய்த்து, மீன் நுனியை மட்டும் தொட்டெடுங்கள். கையால் எடுத்துச் சாப்பிடுவது ஜப்பானிலும் முறைதான். ஊறவைத்த இஞ்சியான காரியைச் சுஷியின் மேல் வைக்காமல், ஒரு வகைக்கும் அடுத்த வகைக்கும் நடுவே வாயைச் சுத்தமாக்கச் சாப்பிடுங்கள். மீன் முட்டை வைத்த குன்கான் சுஷியைச் சாய்த்தால் எல்லாம் கொட்டிவிடும். அதற்கு ஒரு இஞ்சித் துண்டைச் சோயாவில் நனைத்து, மேலே லேசாகத் தடவிக்கொள்ளுங்கள்.