வீட்டு நாஸ் பெட்டிக்கு வன்தட்டு வாங்குமுன்

வீட்டிலுள்ள எல்லாரும் வைஃபை வழியே படங்களையும் ஆவணங்களையும் எடுத்துப் பார்க்க உதவும் நாஸ் பெட்டிக்கு வன்தட்டு வாங்க கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவுக்குப் போகிறவர்கள், எத்தனை டெராபைட், என்ன விலை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்தத் தட்டு தரவை எழுதும் முறை சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது.

சிஎம்ஆரில் தரவுத் தடங்கள் தனித்தனியாக அடுத்தடுத்து இருக்கும். எஸ்எம்ஆரில் அவை கூரை ஓடுகளைப் போல ஒன்றின் விளிம்பில் மற்றொன்று ஏறியிருப்பதால், ஓரிடத்தை மாற்றி எழுத அதையொட்டிய பல தடங்களையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. அன்றாடம் படம் பார்ப்பதில் இந்தக் குறை தெரியாது. பல தட்டுகளை இணைத்து, ஒன்று போனாலும் தரவைக் காக்கும் ரெய்டு அமைப்பில் ஒரு தட்டு பழுதாகி, புதியதில் எல்லாவற்றையும் மீண்டும் நிரப்பும்போதுதான் தெரியும். செந்தூலில் என் மைத்துனர் வீட்டின் நான்கு தட்டுப் பெட்டியில் அவசரத்துக்குப் போட்ட மேசைக் கணினித் தட்டு எஸ்எம்ஆராக இருந்ததால், ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை ஐந்தாம் நாளும் 60 விழுக்காட்டிலேயே நின்றது. அதற்குள் இன்னொரு தட்டும் போயிருந்தால், மகளின் முதல் பிறந்தநாள் தொடங்கி எல்லாப் படங்களும் போயிருக்கும்.

வரிசையின் பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்கென விற்ற ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று 2020இல் ஒப்புக்கொண்டு, பிறகு சிஎம்ஆர் தட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்று பெயரிட்டது. சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர்தான். எதுவானாலும், தட்டை உறையோடு கையில் வாங்கி, அதன் லேபிளில் உள்ள மாடல் எண்ணை நிறுவனத்தின் விவரத்தாளோடு கைப்பேசியிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாஸ் தட்டுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படிக்க முடியாத இடம் வந்தால் அது சுமார் 7 நொடிகளில் முயற்சியை விட்டுவிடும். ரெய்டு மற்றத் தட்டிலிருந்து தரவை எடுத்துக்கொள்ளும். மேசைக் கணினித் தட்டு வெகுநேரம் முயன்றுகொண்டே இருப்பதால், அது செத்துவிட்டதென்று பெட்டி அதை ஒதுக்கிவிடக்கூடும்.

பெட்டி வரவேற்பறையில் இருக்குமானால் நிமிடத்துக்கு 5400 சுழற்சித் தட்டு போதும். நம் ஊர் வெப்பத்தில் 7200ஐவிட அது குறைவாகவே சூடாகும், சத்தமும் குறைவு. 4 டெராபைட் தட்டுகள் இரண்டை ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும் ரெய்டு 1இல் இணைத்தால் கிடைப்பது 4 டெராபைட்தான், கணினி எண்ணும் அலகு வேறென்பதால் திரையில் 3.63 என்றே காட்டலாம். தவறி அழித்த படம் இரண்டு தட்டிலும் அழிந்துவிடும் என்பதால், தனி யூஎஸ்பி தட்டில் ஒரு நகல் கட்டாயம் வேண்டும். மாலை இடிமழைக்கு மின்சாரம் போய் வரும் வீடுகளில், தட்டின் விலையோடு மின்சாரம் போனாலும் சற்று நேரம் பெட்டியை இயங்கவைக்கும் ஒரு யூபிஎஸ்ஸின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.