தியேட்டரில் சர்ஜரி செக்லிஸ்ட்: சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு செய்முறை

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சை செக்லிஸ்ட் ஒரே பக்கம்தான்; 19 அம்சங்கள். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-ஆகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆஸ்பத்திரிகளில் நடைமுறைக்கு வந்த பிறகு பார்த்தால், சொல்லும்படியான மாற்றமே இல்லை. நான் வேலை பார்த்த ஒரு ஆபரேஷன் தியேட்டரிலும் எல்லா டிக்கும் பக்காவாக இருக்கும். ஆனால் யாரும் வாய்விட்டுப் படிக்க மாட்டார்கள். அதைச் சரிசெய்த விதம் இது.

முதலில், படிப்பதற்கு ஒருவரை முடிவு செய்யுங்கள். சர்க்குலேட்டிங் சிஸ்டர்தான் (ஆபரேஷனில் நேரடியாகக் கை வைக்காமல், சுற்றிலும் வேலை பார்க்கும் நர்ஸ்) சரி. டேப்லெட் ஆப் எல்லாம் வேண்டாம். லேமினேட் செய்து சுவரில் மாட்டினால் எல்லோர் கண்ணிலும் படும்.

மயக்க மருந்துக்கு முன்: "நீங்க முருகன்தானே?" என்று கேட்காதீர்கள். பயந்துபோய்ப் படுத்திருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். "உங்க பேர் என்னங்க? எந்தப் பக்கம் ஆபரேஷன்?" என்று கேட்டு அவர் வாயாலேயே வரவழையுங்கள். அப்புறம் மார்க்கிங் (ஆபரேஷன் செய்யும் இடத்தில் போடும் அடையாளம்), அலர்ஜி, பல்ஸ் ஆக்சிமீட்டர்.

கத்தி வைப்பதற்கு முன்: இங்கேதான் எல்லாம் சொதப்பும். சிஸ்டர் படித்துக்கொண்டிருப்பார், சர்ஜன் கீறலைத் தொடங்கியிருப்பார். கடைசிப் பதில் வரும்வரை ஸ்க்ரப் சிஸ்டர் (சர்ஜனுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் நர்ஸ்) கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாது என்று ஆக்கியதும்தான் எங்களுக்கு வழிக்கு வந்தது. இதைச் சீஃப் சர்ஜனே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சிஸ்டர் தலையில் மட்டும் சுமத்தினால் நடக்காது. ஆன்டிபயாடிக்குக்கு "போட்டாச்சு" என்ற பதில் போதாது. "எட்டு இருபதுக்கு" என்று நேரம் வர வேண்டும். அது கடந்த 60 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். பெயரும் பொறுப்பும் சொல்லி அறிமுகம் செய்வதையும் விடாதீர்கள். ஒருமுறை வாய் திறந்த ஜூனியர், பிறகு ஏதாவது தப்பாகத் தெரிந்தால் சொல்லத் தயங்க மாட்டார்.

முடியும்போது: மாப் (ரத்தம் ஒற்றும் துணி), ஊசி, கருவிகளின் கணக்கைத் தையல் போட்டு மூடும் முன்பே முடியுங்கள். ஸ்பெசிமன் (பரிசோதனைக்கு அனுப்ப எடுத்த திசு) லேபிளை நோயாளி பெயரோடு சத்தமாகப் படியுங்கள்.

பின்சேர்க்கை: அவசர சிசேரியனில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். சர்ஜன் கை கழுவும் நேரத்தில் ரத்தம், ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்டு முடித்துவிடலாம். பெயர், ஆபரேஷன், அலர்ஜி மூன்றையும் மட்டும் கீறலுக்கு முன் சத்தமாகக் கேளுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.