ஆன்லைனில் முதல் டி&டி ஆட்டம்: புதியவர்களுக்கான செய்முறை

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். புதியவர்கள் கூடும் ஆட்டத்தில் நேரத்தை விழுங்குபவை பெரும்பாலும் மைக், லாகின், பாதியில் நிற்கும் கேரக்டர் ஷீட் (கதாபாத்திரத்தின் திறன்களும் எண்களும் உள்ள தாள்) ஆகிய மூன்றும்தான். இவற்றை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். விதிகளை ஆடிக்கொண்டே கற்கலாம். டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டைச் செயலியில் பேசி, ரோல்20 தளத்தில் வரைபடம் வைத்து ஆடும் அமைப்புக்கான வழிமுறை இது.

1. டிஎம்மிடம் கேளுங்கள்

ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் (டிஎம்) முதலில் கேட்க வேண்டியது, 2014 விதிகளா, 2024 விதிகளா என்பது. இரண்டும் ஐந்தாம் பதிப்புதான் என்றாலும் கலந்து ஷீட் தயாரித்தால் எண்கள் ஒத்துவராது. எந்த லெவல் (கேரக்டரின் வளர்ச்சிப் படி), ஷீட் எந்தத் தளத்தில் இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். டிஎம் அமெரிக்காவில் இருந்தால் அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள். நம் நேரப்படி ஆட்டம் மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னதாக வரும், நவம்பரில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

2. எளிய கேரக்டர்

முதல் ஆட்டத்துக்கு ஃபைட்டர், அதாவது போர்வீரர், எடுங்கள். முதல் லெவல் விசார்டுக்கே (மந்திரவாதி) நூலில் ஆறு மந்திரங்களும் அதற்கு மேல் மூன்று கேன்ட்ரிப்புகளும் (எத்தனை முறையும் போடக்கூடிய சிறு மந்திரங்கள்) உண்டு; ஒவ்வொன்றின் தூரத்தையும் விளைவையும் படித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

கேரக்டரின் ஆறு திறன்களுக்குப் பங்கிடும் 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களில் 15 வலிமைக்கு, 14 உடலுறுதிக்கு. மனித ஃபைட்டருக்கு விதிப்படி சேரும் புள்ளிகளை இவ்விரண்டுக்கும் கொடுத்தால் வாள் தாக்குதலுக்கு +5, ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) 12. செயின் மெயில் கவசத்தோடு ஆர்மர் கிளாஸ் (உங்களை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 16, கேடயமும் இருந்தால் 18. இந்த எண்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆட்டம் முழுக்க கேட்கப்படுவது இவைதான்.

3. ஒலி

ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் கேட்டால் உங்கள் மைக் வழியாக எல்லோருடைய குரலும் எதிரொலிக்கும். ரோல்20-க்குள்ளேயே ஒரு குரல் வசதி இருக்கிறது. டிஸ்கார்டில் பேசும்போது அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பேச்சும் இருமுறை கேட்கும். வீட்டில் மிக்ஸி, டிவி சத்தம் என்றால் பொத்தானை அழுத்தினால் மட்டும் மைக் திறக்கும் அமைப்புக்கு மாறுங்கள்.

4. வரைபடம்

குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில், கணினியில் திறப்பது நல்லது. டிஎம் அனுப்பிய இணைப்பில் நுழைந்ததும் உங்கள் டோக்கனை (வரைபடத்தில் உங்கள் கேரக்டரைக் குறிக்கும் படம்) நகர்த்திப் பாருங்கள். நகரவில்லை என்றால் அதன் கட்டுப்பாட்டை டிஎம் உங்களுக்குத் தரவில்லை என்று பொருள்; அவர்தான் மாற்ற முடியும். ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட மவுஸின் இடது பொத்தானை அங்கே அழுத்திப் பிடியுங்கள்.

ஷீட்டில் தாக்குதலைச் சொடுக்கினால் சில சமயம் இரண்டு டி20 (இருபது பக்க) பகடைகள் ஒன்றாக உருளும். பெரியதைப் படிக்கத்தான் கை போகும். ஆனால் அட்வான்டேஜ் (சாதக நிலை) இருப்பதாக டிஎம் சொன்னால் மட்டுமே பெரியது; டிஸ்அட்வான்டேஜ் (பாதக நிலை) என்றால் சிறியது. மற்றபடி இடப்பக்கம் இருப்பதே உங்கள் எண்.

5. உங்கள் முறை

ஒரு முறையில் நகர்வும் ஓர் ஆக்‌ஷனும் உண்டு. மனிதருக்கு நகர்வு 30 அடி. ஒரு கட்டம் 5 அடி, ஆக ஆறு கட்டம். நகர்வைப் பிரித்துக்கொள்ளலாம்: மூன்று கட்டம் போய், அடித்து, மீதியை நடக்கலாம். எதிரியின் எட்டும் தூரத்தைவிட்டு விலகினால் மட்டும் அவன் உங்களை ஓர் அடி அடிக்கலாம்.

ஆர்மர் கிளாஸ் 15 உள்ள கோப்ளின் என்ற சிறு அரக்கனை அடிக்க, +5 உள்ளவருக்குப் பகடையில் 10 விழுந்தால் போதும். பட்ட பிறகே சேதத்துக்கு உருட்ட வேண்டும். அடிபட்டுச் சோர்ந்தால் போனஸ் ஆக்‌ஷனில் செகண்ட் விண்ட் (ஃபைட்டர் தன் ஹிட் பாயின்ட்டைக் கொஞ்சம் மீட்கும் திறன்) எடுத்து மீளலாம்; புதிய ஃபைட்டர்கள் மறப்பது இதைத்தான்.

ஹிட் பாயின்ட் 0 ஆனால் கேரக்டர் இறந்துவிட்டதாக நினைத்து வெளியேறாதீர்கள். உங்கள் முறை வரும்போதெல்லாம் டி20 உருட்டுவீர்கள்: 10-ம் அதற்கு மேலும் வெற்றி. மூன்று வெற்றி சேர்ந்தால் நிலை சீராகும், மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். அதற்குள் தோழர் ஒருவர் வந்து காப்பாற்றலாம்.

6. பேசும் முறை

முகம் தெரியாத மேசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் விளங்காது. “பெர்செப்ஷன் உருட்டட்டுமா?” (கவனிக்கும் திறனுக்கான பகடை) என்று கேட்பதைவிட, “கதவில் காது வைத்துக் கேட்கிறேன்” என்று சொல்லுங்கள், எந்தப் பகடை என்பதை டிஎம் சொல்வார். கூச்சத்தில் ஒருவர் மௌனமாக இருந்தால், “நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?” என்று அவர் கேரக்டரின் பெயர் சொல்லிக் கேளுங்கள். புதியவர்கள் மேசையில் இதைவிடப் பெரிய உதவி இல்லை.

நெட் போனால் உங்கள் கேரக்டரை யார் ஓட்டுவது என்பதையும் தொடங்கும்போதே ஒரு தோழரிடம் சொல்லிவையுங்கள்.