மாடியில் ஜி.பி.எஸ். ஆன்டெனா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடியில் ஜி.பி.எஸ். ஆன்டெனா வைக்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும், அடுத்த பேச்சு கம்பத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. எத்தனை அடி வேண்டும்? எந்தத் திசைக்குத் திருப்ப வேண்டும்? இரண்டும் டிவி ஆன்டெனாவிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். டிவி சிக்னல் அடிவானத்துப் பக்கமிருந்து, ஒரு கோபுரத்திலிருந்து வருகிறது. அங்கே உயரமும் திசையும்தான் எல்லாம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களோ சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், வானம் முழுக்கப் பரவி, ஓடிக்கொண்டே இருப்பவை. அந்தத் தூரத்துக்கு முன்னால் நீங்கள் கூட்டும் மூன்று மீட்டர் கம்பம் எந்தக் கணக்கிலும் வராது. பக்கத்தில் மறைக்கிற பொருளுக்கு மேலே ஆன்டெனாவைத் தூக்குவதற்கு மட்டுமே கம்பம் உதவும். மறைப்பே இல்லாத மாடியில் ஒரு மீட்டர் கம்பம் தாராளம்.

நீளக் கம்பத்தால் கெடுதலும் உண்டு. காற்றில் ஆடும், சென்டிமீட்டர் துல்லியத்தில் நில அளவை செய்பவருக்கு அந்த ஆட்டம் அப்படியே அளவில் வந்து நிற்கும். கேபிள் நீளும். கட்டடத்திலேயே உயர்ந்த உலோகமாக நின்றால் மின்னலையும் வரவேற்கும். இடிதாங்கி உள்ள கட்டடத்தில் ஆன்டெனா அதன் உச்சிக்குக் கீழே, அதன் பாதுகாப்பு எல்லைக்குள் இருக்க வேண்டும். இடிதாங்கிக் கம்பத்திலேயே ஆன்டெனாவைக் கட்டிவைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். கம்பம்தான் ஏற்கெனவே நிற்கிறதே என்ற சிக்கனம்!

வானத்தை அளக்காமல் இடம் பார்ப்பது

நின்றபடி ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘திறந்தவெளிதான்’ என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. ஆன்டெனா முழங்கால் உயரத்தில் இருக்கப்போகிறது என்றால், குந்தி உட்கார்ந்து கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒரு முழுச் சுற்று பாருங்கள். கையை நன்றாக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அது ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும். அடிவானத்தின் மேல் அந்த முஷ்டியை வைத்துக்கொண்டே சுற்றி வாருங்கள். அதற்கு மேலே தலைகாட்டுபவை எவை? கைப்பிடிச் சுவர், படிக்கட்டு அறை, தண்ணீர்த் தொட்டி, பக்கத்துக் கட்டடம், மரம். அவைதான் உங்கள் எதிரிகள். முஷ்டிக்குள் அடங்குபவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். துல்லியம் வேண்டிய வேலைகளில் 10 அல்லது 15 டிகிரிக்குக் கீழே தெரியும் செயற்கைக்கோள்களை எப்படியும் ஒதுக்கிவிடுவதுதான் வழக்கம்.

கணக்காகச் சொன்னால், ஆன்டெனாவைவிட ஒரு மீட்டர் உயர்ந்து நிற்கும் சுவரிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். தள்ளி வைக்க இடம் இல்லையா, அப்போதுதான் கம்பம். மரம் விஷயத்தில் இலைகளுக்கு நடுவே வானம் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். இலையில் இருக்கும் ஈரம் இந்த அலையை விழுங்கும், மழை பெய்த பிறகு இன்னும் அதிகமாக.

எந்தப் பக்கம் மறைந்தாலும் ஒன்றுதான் என்று நினைப்பதும் சரியல்ல. ஜி.பி.எஸ். பாதைகள் பூமத்திய ரேகைக்கு 55 டிகிரி சாய்ந்தவை. துருவங்களின் உச்சிக்கு அவை போவதே இல்லை. ஆகவே வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில் வடக்கு வானத்தில் பெரிய வெற்றிடம் இருக்கும். தென் அரைக்கோளத்தில் தெற்கே இருக்கும். பூமத்திய ரேகையிலிருந்து பார்த்தால் வடக்கிலும் தெற்கிலும் சுமார் 20 டிகிரி உயரம் வரை செயற்கைக்கோள் வராத பட்டைகள் தெரியும். ஏதாவது ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அந்த வெற்றிடத்தின் பக்கத்தை விட்டுக்கொடுங்கள்.

கோடுகளை நம்பி ஏமாறுவது

மறைப்பைவிடத் தந்திரமானது எதிரொலிப்பு. செயற்கைக்கோளிலிருந்து நேராக வரும் அலையோடு, உலோகத் தகட்டிலோ தண்ணீர்த் தொட்டியிலோ ஏ.சி.யின் வெளிப்புற யூனிட்டிலோ பட்டுத் தெறித்த அலையும் சேர்ந்து வந்தால், ரிசீவர் தூரத்தைத் தப்பாகக் கணக்கிடும். சிக்னல் பலத்தைக் காட்டும் திரைக் கோடுகள் எல்லாம் உயரமாகவே நிற்கும். இடம் மட்டும் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். ஜி.பி.எஸ். அலை வலப்பக்கமாகச் சுழன்றபடி வருகிறது. ஒருமுறை தெறித்தால் சுழற்சி பெரும்பாலும் இடப்பக்கமாகத் திரும்பிவிடும். நல்ல ஆன்டெனா அதை வைத்தே தெறித்த அலையை அடையாளம் கண்டு தள்ளும். மலிவான ஆன்டெனாவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

உலோகம் பக்கவாட்டில் இருந்தால்தான் தொல்லை. அடியில் இருந்தால் உபகாரம். காந்தம் வைத்த சிறிய சதுர ஆன்டெனாக்கள் காரின் கூரைபோன்ற உலோகப் பரப்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. அவற்றை பிளாஸ்டிக் குழாயின் மூடியில் ஒட்டிவிட்டு சிக்னல் குறைவு என்று புலம்புகிறோம். அடியில் சுமார் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தகட்டை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் எண்ணிலேயே தெரியும். ஆன்டெனாவைக் கம்பத்தின் பக்கவாட்டில் கட்டாமல் உச்சியில் வையுங்கள். சாய்க்கவும் வேண்டாம், முகம் நேராக மேலே பார்க்கட்டும். சாய்த்தால் ஒரு பக்கத்து வானம் போய், அந்த இடத்தில் தரையிலிருந்து தெறிப்பது உள்ளே வரும்.

பலவீனமான சிக்னலுக்குப் பக்கத்தில் பலசாலிகள்

தரையை வந்தடையும்போது இந்த சிக்னலின் திறன் ஒரு வாட்டின் பத்தாயிரம் டிரில்லியனில் ஒரு பங்கு அளவுதான். பின்னணி இரைச்சலுக்கும் கீழே அமிழ்ந்து கிடப்பது. அதனால் வேறு ஒலிபரப்பு ஆன்டெனாவின் நேர் முகத்தில் இதைக் கொண்டுபோய் வைப்பது வீண். தப்பாக இயங்கும் டிவி பூஸ்டர்கூடப் போதும். கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் 2001-இல் ஜி.பி.எஸ். முடங்கியபோது தேடிப் பிடித்தது படகுகளில் இருந்த பூஸ்டர் வைத்த டிவி ஆன்டெனாக்களைத்தான். சூரியத் தகடுகளோடு வரும் இன்வெர்ட்டர்கள், யூ.எஸ்.பி. 3 கேபிள்கள் போன்றவற்றையும் சந்தேகப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.

கேபிளும் கனெக்டரும்

மிச்சம் பிடிக்கப்போய் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆர்.ஜி.-174 என்ற மெல்லிய கேபிள், ஜி.பி.எஸ். அலைவரிசையான 1575.42 மெகாஹெர்ட்ஸில், சிக்னலை மீட்டருக்கு ஒரு டெசிபெல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) அளவுக்குத் தின்கிறது. 20 மீட்டர் ஓட்டினால் 20 டெசிபெல் காலி; ஆன்டெனாவுக்குள் இருக்கும் பெருக்கி 28 டெசிபெல் தருவதாக இருந்தால் அதில் பெரும்பங்கு வழியிலேயே போய்விடுகிறது. எல்.எம்.ஆர்.-400 போன்ற தடித்த கேபிளில் அதே தூரத்துக்கு இழப்பு நான்கு டெசிபெல்கூட ஆகாது. 75 ஓம் கேபிள் கூடவே கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். 50 ஓம் கருவியோடு அது பொருந்தாததால் வரும் இழப்பு 0.2 டெசிபெல்லுக்கும் குறைவு. மெல்லிய 50 ஓம் கேபிளைவிட, டிவிக்கு ஓட்டும் நல்ல ஆர்.ஜி.-6 எவ்வளவோ மேல். தலைகீழ்த் தவறும் உண்டு: குட்டைக் கேபிளில் கூடுதல் பெருக்கியைச் செருகினால் ரிசீவர் திணறும்.

துல்லியமான நேரத்துக்காக ஜி.பி.எஸ். வைப்பவர்கள் இன்னொன்றை மறக்கிறார்கள். சாதாரணக் கேபிளில் சிக்னல் ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 நானோவினாடி ஆகிறது. 30 மீட்டருக்கு 150. அதை ரிசீவரில் பதிய வேண்டும். இடம் காண மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் தாமதம் ஒன்றே என்பதால் அது ரிசீவரின் கடிகாரப் பிழையோடு கரைந்துவிடும்.

ஒரு மாலைப்பொழுது முழுவதையும் நான் ஒரு கனெக்டரிடம் பறிகொடுத்திருக்கிறேன். திருகு அழகாக ஏறியது, இறுகியது, ஆனால் ஒரு செயற்கைக்கோள்கூட வரவில்லை. இரண்டாம் முறை கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது: இரு பக்கமும் நடுவில் துளைதான், ஊசியே இல்லை. வைஃபை கருவிகளில் வரும் ரிவர்ஸ் எஸ்.எம்.ஏ. கேபிளை, ஜி.பி.எஸ். ரிசீவருக்குப் பொருந்தும் சாதாரண எஸ்.எம்.ஏ. (திருகி மாட்டும் சிறிய கனெக்டர்) என்று எடுத்துவந்திருந்தேன். மாட்டும் முன் நடு ஊசியைப் பாருங்கள்.

அந்த ஊசி வழியாகத்தான் ஆன்டெனாவுக்கு மின்சாரமும் மேலே போகிறது. ரிசீவர் 3.3 வோல்ட் கொடுக்க, ஆன்டெனா 5 வோல்ட் கேட்டால் வேலை நடக்காது. நடுவில் வைக்கும் மின்னல் தடுப்பான் இந்த டி.சி. மின்சாரத்தைக் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். சில வகைகள் அதைத் தரையோடு ஷார்ட் செய்துவிடும்.

வெளியில் இருக்கும் கனெக்டருக்குச் சாதாரண டேப் போதாது. தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் வேண்டும். கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீரை வெளியே வழியவிடும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு வளைவைத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். ஆன்டெனாவின் மூடிக்கு அழகுக்காக உலோகத் துகள் கலந்த பெயின்ட் அடிக்காதீர்கள்.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்குவது

எட்டு செயற்கைக்கோள்கள் தெரிந்தவுடன் ஏணியை மடக்கிவிடுகிறோம். வானம் மாறிக்கொண்டே இருக்கிறது; பொருத்தியபோது நன்றாக இருந்த இடம் ஆறு மணி நேரம் கழித்து எப்படியோ. குறைந்தது ஒரு முழு நாள் பதிவை ஓடவிடுங்கள். உயரே நிற்கும் செயற்கைக்கோள்களுக்கு, இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் பலம் 45 டெசிபெல்-ஹெர்ட்ஸை ஒட்டி வந்தால் நல்லது. அவையே 30-ஐத் தாண்டவில்லை என்றால் கேபிளிலோ கனெக்டரிலோ கோளாறு.

மூன்று நான்கு நாள் பதிவு இருந்தால் இன்னும் ஒன்று பிடிபடும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் வரிசை 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் திரும்ப வரும். முதல் நாள் மாலை 4.20-க்கு சிக்னல் சரிந்து, மறுநாள் 4.16-க்கும், அதற்கடுத்த நாள் 4.12-க்கும் சரிந்தால், குற்றவாளி உங்கள் மாடியில்தான் நிற்கிறான்: மறைக்கும் சுவரோ, தெறிக்கும் தகடோ. தினமும் சரியாக 4.20-க்கே சரிந்தால் ஆன்டெனாவை நகர்த்திப் பயனில்லை. அந்த நேரத்துக்கு அக்கம்பக்கத்தில் யாரோ எதையோ இயக்குகிறார்கள்.