“எங்க வீட்ல யாருக்கும் கிடையாது”: பரம்பரைச் சிறுநீரக நோயைத் தவறவிடும் இடங்கள்

“குடும்பத்தில் யாருக்காவது கிட்னி பிரச்சினை உண்டா?” “இல்லைங்க டாக்டர்.” இதோடு மரபணு என்ற பேச்சே முடிந்துபோகிறது. முதல் தவறு இதுதான். அந்த “இல்லை”க்கு “எனக்குத் தெரிந்து இல்லை” என்றுதான் பொருள். மாரடைப்பில் இறந்த தாத்தாவின் வயிற்றை யாரும் ஸ்கேன் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: சிறு வயதிலேயே காது மந்தமானவர் உண்டா? இளமையிலேயே கவுட் எனப்படும் கீல்வாதம்? முப்பதுகளில் உயர் ரத்த அழுத்தம்? மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தவர்? இவையும் பரம்பரைச் சிறுநீரக நோயின் தடயங்களாக இருக்கலாம். இப்படிக் கேட்டால் மறந்துபோன ஒரு சித்தப்பா நினைவுக்கு வருவார்.

உண்மையிலேயே யாருக்கும் இல்லாவிட்டாலும் மரபணுக் காரணம் இருக்கலாம். சிறு வயதிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் நெஃப்ரோனோஃப்தைசிஸ் போன்ற நோய்களுக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணுவின் பழுதான பிரதி வர வேண்டும். ஒரே ஒரு பழுதான பிரதியைச் சுமக்கும் பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். சிறுநீரக வடிகட்டியையும் காதையும் பாதிக்கும் ஆல்போர்ட் நோய் எக்ஸ் குரோமோசோம் வழி வரும்போது, மகனுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும்போது தாய்க்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் சிறுநீரில் போவது மட்டுமே அடையாளமாக இருக்கலாம். (அவரை வெறும் ‘கேரியர்’, அதாவது பழுதைச் சுமப்பவர் மட்டுமே என்று ஒதுக்குவதும் தவறு, பிற்காலத்தில் அவருடைய சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.) சில மரபணு மாற்றங்கள் நோயாளியிடம்தான் முதன்முதலாகத் தோன்றுகின்றன. சிறுநீரக வளர்ச்சிக்குத் தேவையான ஹெச்என்எஃப்1பி மரபணுவின் கோளாறில் ஏறக்குறைய பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள். பிகேடி எனப்படும் நீர்க்கட்டி நோயிலும் 10 முதல் 15 சதவீதம் பேருக்குக் குடும்ப வரலாறு கிடையாது.

பரம்பரை நோய் என்றால் குழந்தைகளுக்குத்தான் என்று நினைப்பவர்களும் நிறையப் பேர். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலும் பெரியவர்களாக இருந்த 3,315 சிறுநீரக நோயாளிகளின் மரபணுக்களைப் படித்தார்கள். 307 பேருக்கு மரபணுக் காரணம் தெரிந்தது. காரணம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களிடையே இது 17 சதவீதம். “பிபியால் கிட்னி போச்சு” என்ற முத்திரையை ஐம்பது வயதுக்குக் கீழே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்பேன். பல சமயம் கிட்னி கெட்டதால்தான் பிபி ஏறியிருக்கும்.

சிறுநீரில் புரதம் ஏராளமாகக் கசியும் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் ஸ்டீராய்டுக்கு அசையாதபோது மாதக்கணக்கில் மருந்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது இன்னொரு தவறு. மரபணுக் கோளாறு என்றால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளால் பெரும்பாலும் பலன் இருக்காது, பக்கவிளைவுதான் மிஞ்சும்.

மரபணுப் பரிசோதனை முடிவைப் படிப்பதிலும் வழுக்கல் உண்டு. ‘மாற்றம் இல்லை’ என்று வந்தால் மரபணு நோயே இல்லை என்று ஆகிவிடாது. பரம்பரைச் சிறுநீரக நோய்க்குக் காரணமாகும் மக்1 என்ற மரபணுவில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதியில் பழுது ஒளிந்திருப்பதால், வழக்கமான பரிசோதனை அதைத் தவறவிடும். ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’ என்று வந்தால், அதை நோய் என்று எடுத்துக்கொண்டு வீட்டாரைப் பதறவைக்கவும் கூடாது.

இவற்றில் திருத்த முடியாத தவறு நடப்பது மாற்றுச் சிறுநீரகத்தில்தான். நோயின் காரணம் தெரியாமலே நோயாளிக்கு அவருடைய தங்கையின் சிறுநீரகத்தை எடுத்து வைக்கிறார்கள். அதே பழுது தங்கையிடமும் இருக்கலாம். பிகேடி என்றால், இளம் வயதில் நீர்க்கட்டிகள் ஸ்கேனில் தென்படாமலும் போகலாம். உடலில் ஆக்சலேட் என்ற கழிவு உப்பு அளவுக்கு மீறி உருவாகும் முதல்நிலை ஹைப்பர்ஆக்சலூரியா என்றால் கோளாறே கல்லீரலில். கல்லீரல் கொட்டும் ஆக்சலேட்டைக் கட்டுப்படுத்தாமல் வைத்தால், தங்கை கொடுத்த சிறுநீரகத்திலும் அது படிந்துகொண்டேதான் இருக்கும்.