கார்ப்பெட் போடும்போது பேஸ்போர்டில் நடக்கும் தவறுகள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்குக் கார்ப்பெட் மாற்றுகிறவர்கள் நிறம், விலை, அடியில் போடும் பேட் என்று எல்லாவற்றையும் நாலு கடை ஏறி விசாரிப்பார்கள். சுவரடியில் ஓடும் பேஸ்போர்டு என்ற பலகையைப் பற்றி மட்டும் பேச்சே வராது. வேலை முடிந்தபின் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் அதுதான்.

பழைய கார்ப்பெட்டை எடுத்துவிட்டுப் புதியது போடுகிறீர்கள் என்றால் பேஸ்போர்டைக் கழற்ற வேண்டியதே இல்லை. கார்ப்பெட்டின் ஓரம் அதற்கு அடியில் ஆணி அடித்து இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதைப் பிடித்திருப்பது டாக் ஸ்ட்ரிப். சாய்ந்த ஊசிகள் நிறைந்த மெல்லிய பட்டி அது. ஊசிமுனை சுவரைப் பார்த்திருக்க வேண்டும். பட்டிக்கும் பேஸ்போர்டுக்கும் நடுவே கார்ப்பெட்டின் கனத்தைவிடச் சற்றுக் குறைவாக, பொதுவாகக் கால் அங்குலம் இடைவெளி விடுவார்கள். இழுத்து ஊசியில் மாட்டிய கார்ப்பெட்டின் ஓரத்தை, வேட்டி முனையை இடுப்பில் செருகுவதுபோல, அந்த இடைவெளிக்குள் செருகிவிடுவதுதான் முறை. பட்டியைச் சுவரோடு ஒட்டி அடித்துவிட்டால் செருக இடமில்லாமல் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

புதிய பேஸ்போர்டு போடுகிறவர்கள் செய்வது வேறு தவறு. மரத்தரைக்குப் போடுவதுபோலத் தரையோடு அழுத்தி ஆணி அடித்துவிடுகிறார்கள். கனமான கார்ப்பெட்டும் பேடும் வந்தபின் பலகையின் கீழ்ப்பகுதி அமுங்கிப்போய்விடும். முதலில் பேஸ்போர்டு, பிறகு கார்ப்பெட். ஆனால் தரையிலிருந்து 3/8 முதல் 1/2 அங்குலம் தூக்கி அடிக்க வேண்டும். அந்தக் கனத்தில் ஒரு பிளைவுட் துண்டை அடியில் வைத்து அடித்தால் மட்டம் மாறாது. நூலை வெட்டாமல் வளையமாக விட்ட மெல்லிய பெர்பர் வகையானால் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடியில் கறுப்புக் கோடு தெரியும்.

மரத்தரையோ டைலோ இருந்த அறையைக் கார்ப்பெட்டுக்கு மாற்றுகிறீர்களா? அங்கே பேஸ்போர்டின் அடியில் குவார்ட்டர் ரவுண்ட் என்ற சின்ன வளைவுச் சட்டம் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். கார்ப்பெட்டின் மேல் அதைத் திரும்ப அடிப்பது பார்க்கச் சகிக்காது. அடுத்த முறை கார்ப்பெட்டை எடுப்பவர் திட்டுவார்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நிதானமாகக் கழற்றுங்கள். மேல்விளிம்பில் இடுக்கை அடைக்கும் கால்க் என்ற பசை பூசியிருக்கும். கத்தியால் அந்தக் கோட்டை முழு நீளத்துக்கும் அறுக்காமல் நெம்பினால் டிரைவால் என்ற ஜிப்சம் சுவர்ப்பலகையின் காகிதம் உரிந்து வந்துவிடும். அகலமான புட்டிக் கத்தியைச் சுவரில் வைத்து அதன்மேல் சின்னக் கடப்பாரையை ஊன்றி, ஸ்டட் (சுவருக்குள் நிற்கும் சட்டம்) இருக்கும் இடத்தில் நெம்புங்கள். ஸ்டட்டுகள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். கழன்ற பலகையின் ஆணியை முன்பக்கமாக அடித்துத் தள்ளாதீர்கள், பெயிண்ட் பெயர்ந்துவிடும். குறடால் பின்பக்கம் வழியே உருவிவிடலாம். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் எந்தச் சுவர் என்று பென்சிலால் எழுதி வைத்தால் அப்புறம் மூலைகளில் மல்லுக்கட்ட வேண்டாம்.

பெயிண்ட் அடிப்பதைக் கார்ப்பெட் வருமுன் முடித்துவிடுங்கள். கார்ப்பெட்டை இழுத்து மாட்டும்போது கீறல் விழத்தான் செய்யும்; அதைத் தொட்டுச் சரிசெய்யக் கொஞ்சம் பெயிண்ட் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வீடுகளில் ஈய பெயிண்டுக்குத் தடை வந்தது 1978இல். அதற்கு முந்தைய வீடு என்றால் சோதித்துப் பார்க்காமல் பழைய பேஸ்போர்டை உரசவே கூடாது. கால்க்கை மேல்விளிம்பில் மட்டும் பூசுங்கள். கீழே கார்ப்பெட்டோடு சேர்த்துப் பூசினால் அழுக்குப் பிடிக்கும், பிறகு எடுக்கவும் வராது.

சுவரடியில் நீளமாகப் பொருத்தும் பேஸ்போர்டு ஹீட்டர் உள்ள அறை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். குளிர்காற்று அதன் அடிவழியாக நுழைந்து சூடாகி மேலே வருகிறது. தடித்த பேடும் கார்ப்பெட்டும் அந்த வழியை அடைத்தால் அறை சூடேறாது, மின்சார ஹீட்டரானால் ஆபத்தும்கூட. எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஹீட்டரின் கையேட்டில் இருக்கும். அந்த இடைவெளி மிஞ்சாது என்று தெரிந்தால், கார்ப்பெட் வருமுன்பே ஆள் வைத்து ஹீட்டரை உயர்த்திவிடுங்கள்.